எங்க தெருவுல அஞ்சாவது சோலார் ஏறியாச்சு. ஊரே மாறுமா, இல்ல சாணி கேஸ் மாதிரி புட்டுக்குமா?

அணைக்கட்டுக்காரன்

வணக்கம் மக்களே. நான் ராணிப்பேட்டை சிப்காட்டுல வேலை, சொந்த ஊரு அணைக்கட்டு பக்கம், இலவம்பாடிக்கு ரெண்டு ஊர் தள்ளி. வாரத்துக்கு ஒரு தபா ஊருக்குப் போவேன். போன ஞாயித்துக்கிழமை போனப்ப எங்க தெருவுல அஞ்சாவது வீட்டு மாடில சோலார் ஏத்திகினு இருந்தாங்க. மொத்தம் 62 வீடு இருக்கிற தெரு. மொதல்ல போட்டது ரிட்டயர்டு மிலிட்டரிக்காரர் ஒருத்தர், 2022ல. ஒன்றரை வருஷம் ஊரே அவர கிண்டல் பண்ணிச்சு, "மாடி மேல கண்ணாடி காயப்போட்டிருக்கார்"னு. அப்பறம் அவரு மச்சான் போட்டாரு. அடுத்த ஏழெட்டு மாசத்துல மூணு வீடு. இப்ப டீக்கடைல உக்காந்தா அதான் பேச்சு, யாருக்கு எவ்ளோ மானியம் வந்திச்சு, யாருக்கு பில்லு எவ்ளோ கொறஞ்சிதுன்னு.

எனக்கு டவுட்டு என்னான்னா, இது இப்பிடியே போய் ஒரு கட்டத்துல சரக்குனு சாஞ்சி எல்லா வீடும் போட்ருமா? இங்கிலீஷ்ல டிப்பிங் பாயிண்டுங்கறாங்களே, அது. ஏன் கேக்கறேன்னா எங்க ஊரு இதுக்கு முன்னாடி ஒரு தபா ஏமாந்திருக்கு. எங்க தாத்தா காலத்துல, 86, 87 வாக்குல, சாணி கேஸ் வந்திச்சு. அப்ப தெருவுல நாப்பது வீடுதான், அதுல ஒம்போது வீட்டுல குழி தோண்டி இரும்பு டிரம்மு கவுத்து அடுப்பு எரிச்சாங்க. இன்னிக்கு ஒண்ணுகூட கிடையாது. எங்க வீட்டு டிரம்ம ரெண்டா அறுத்து மாட்டுக்கு புண்ணாக்கு ஊற வெக்கறோம், குழில அம்மா பரங்கிக் கொடி ஏத்தி விட்டிருக்காங்க. நாப்பதுல ஒம்போதுன்றது அறுவத்திரெண்டுல அஞ்ச விட எவ்ளோ பெருசு, அப்பவே சாயலயே?

இன்னொண்ணு வீட்டு விஷயம். அப்பாவுக்கு வயசு 66, மூணு ஜெர்சி மாடு வச்சிகினு ஆவினுக்கு பால் ஊத்தறாரு, கொஞ்சம் முள்ளு கத்திரிக்காய் போடறாரு. அவருக்கு சோலார் போடணும்னு ஆசை. அம்மா வேணாங்கறாங்க. அவங்க சொல்ற காரணம் ஒண்ணே ஒண்ணு: "மாடிய அடச்சிட்டா மல்லாட்டைய எங்கடா காய வெக்கறது?" மல்லாட்டைன்னா வேர்க்கடலை. எனக்கு பதில் சொல்லத் தெர்ல. ரெண்டு மாசத்துக்கு எங்க வீட்டுல 180 யூனிட்டு ஓடுது. போடலாமா? வெவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

காட்பாடி_சோலார்

அண்ணா, நான் இந்த வேலதான் பண்ணிகினு கீறேன், அதனால என் பேச்ச பாதி தள்ளுபடி பண்ணி படிங்க. ஆனா உண்மைய சொல்லிர்றேன்: 180 யூனிட்டுக்கு சோலார் போடாதீங்க. நம்ம கவர்மெண்ட்டு 2016லருந்து ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட்டு எல்லா வீட்டுக்கும் ஃப்ரீ குடுக்குது. மீதி 80 யூனிட்டுக்கு நீங்க கட்றது எரநூறு ரூபாகூட வராது. ஒரு கிலோவாட் போட்டாலும் மானியம் 30,000 போக கைலருந்து முப்பத்தஞ்சு நாப்பதாயிரம் எறங்கும். வருஷத்துக்கு ஆயிரத்து எரநூறு மிச்சம் பண்ணி அத எப்ப எடுக்கறது? உங்க பையன் கல்யாணத்துக்கு வரும்.

அப்ப யாருக்குதான் போடணும்னா, 500 யூனிட்டு தாண்டறவனுக்கு. 500 தாண்டிட்டா ரேட்டு அட்டவணையே மாறிடும், 499க்கும் 520க்கும் பில்லுல இருக்கிற வித்தியாசத்த பாத்து சண்டைக்கு வந்தவங்கல்லாம் கீறாங்க. ரெண்டு ஏசி, மோட்டார், ஃப்ரிட்ஜ்னு 620 ஓடற வீட்டுக்கு கிட்டத்தட்ட மூவாயிரம் வரும். அவங்க ரெண்டு கிலோவாட் போட்டா நாளைக்கு எட்டு யூனிட்டு, ரெண்டு மாசத்துக்கு 480 யூனிட்டு உற்பத்தி, பில்லு ஏறக்குறைய காலி. மத்திய அரசு பிஎம் சூர்ய கர் திட்டம் 2024 பிப்ரவரில வந்திச்சில்ல, அதுல ரெண்டு கிலோவாட்டுக்கு 60,000, மூணும் அதுக்கு மேலயும் 78,000 மானியம். அஞ்சு வருஷத்துல போட்ட காசு கைக்கு வந்துரும். உங்க தெருவுல போட்ட அஞ்சு பேரையும் விசாரிச்சு பாருங்க, நாலு பேரு வீட்டுல ஏசி இருக்கும்னு நான் பெட்டு கட்றேன்.

அம்மா கேட்டது நியாயமான கேள்வி. பேனல தரைல ஒட்டி போடாம ஏழடி எட்டடி ஒயரத்துல ஸ்ட்ரக்சர் அடிச்சு போடலாம், கீழ நீங்க நடக்கலாம், துணி காயப்போடலாம், கல்யாணத்துக்கு பந்தலே வேணாம். ஆனா இரும்பு செலவு தனி, காத்துக்கு அசையாத மாதிரி கால் இறுக்கணும். பாதி பேரு இந்த செலவ சொல்லாம கொட்டேஷன் குடுப்பாங்க, பாத்துக்கோங்க.

இன்னொண்ணு, கரண்ட் போனா சோலார்லருந்து ஓடும்னு நெனச்சிகினு நெறைய பேரு போட்றாங்க. ஓடாது. ஈபி லைனோட சேந்து ஓடற மாடல்ல லைன் போனா இன்வர்ட்டரும் ஆஃப் ஆயிடும். ஏன்னா கம்பத்துல ஏறி வேலை செய்ற லைன்மேனுக்கு உங்க வீட்டு கரண்ட் ரிவர்ஸ்ல போய் ஷாக் அடிக்கக் கூடாது. பேட்டரி வச்ச மாடல் வேற, அது வெலயும் வேற.

வெயிலூரான்

நம்மூரு வெயிலுக்கு சோலார் போட்டா ஊருக்கே கரண்ட் விக்கலாம்னு எங்க சித்தப்பா சொல்லிகினு திரிஞ்சாரு. போட்டாரு. மே மாசம் பாத்தா பிப்ரவரிய விட கம்மி. கம்பெனிக்காரன் ஏமாத்திட்டான்னு ஒரே ரகள.

காட்பாடி_சோலார்

@வெயிலூரான் ஏமாத்தலண்ணா 😀 பேனலுக்கு வேணுங்கறது வெளிச்சம், சூடு இல்ல. அதோட அளவ 25 டிகிரில வச்சு சொல்றாங்க. நம்ம மே மாச மத்தியானத்துல பேனல் மேல 60, 65 டிகிரி போயிடும். ஒரு டிகிரி ஏற ஏற கிட்டத்தட்ட 0.35, 0.4 சதவீதம் கொறயும், கணக்கு போட்டா பன்னெண்டு பதினாலு சதவீதம் அப்பிடியே போச்சு. அதோட கோடைல தூசு வேற படியும். சித்தப்பாவ காலைல அஞ்சரைக்கு எந்திரிச்சு தண்ணி ஊத்தி தொடைக்க சொல்லுங்க. பத்து மணிக்கு மேல பச்சத்தண்ணி ஊத்த வேணாம், கொதிக்கிற கண்ணாடி, விரிஞ்சிடும்.

குடியாத்தம்_சரசு

தம்பி, சாணி கேஸ் புட்டுக்கிச்சுன்னு ஒரேடியா சொல்லிட்டீங்க. எங்க வீட்டுல பதினோரு வருஷமா எரியுது, இன்னிக்கு காலைல கேழ்வரகு களி கிண்டுனதுகூட அதுலதான்.

உங்க தாத்தா போட்டது டிரம்மு மாடல். அதுல இரும்பு சாணித்தண்ணிலயே கெடக்கறதால பத்து வருஷத்துல துரு புடிச்சு ஓட்டையாயிடும், புது டிரம்முக்கு ஆகற காசுல புது குழியே போட்டர்லாம். எங்களது தீனபந்து, மண்ணுக்குள்ள செங்கல்லுல குவிமாடம் மாதிரி கட்டுறது, இரும்பே கெடயாது. ஆனா அத கட்ட தெரிஞ்ச கொத்தனார் வேணும். ஒரு எடத்துல கலவை சரியில்லன்னாலும் கேஸ் கசிஞ்சிடும், கண்ணுக்கும் தெரியாது. எங்க அதிர்ஷ்டம், கட்டுன கொத்தனார் அடுத்த தெரு. மொத வருஷமே ரெண்டு தபா லீக்கு, சோப்பு தண்ணி தடவி முட்டை வர்ற எடத்த பாத்து பூசிட்டு போனாரு, கூலிகூட வாங்கல, ஒரு தபா சாப்டாரு. எங்க நாத்தனார் ஊருக்கும் அதே மாடல் ஒரு கம்பெனி கட்டிக் குடுத்துச்சு, கட்டிட்டு போன ஆளு போனவருதான், ஒன்றரை வருஷத்துல எல்லாருதும் நின்னு போச்சு.

அடுத்தது யாருமே பேசாத விஷயம். ரெண்டு கன மீட்டர் குழிக்கு நாளைக்கு அம்பது கிலோ சாணி, அதுக்கு சமமா அம்பது லிட்டர் தண்ணி. அத யாரு அள்றது? யாரு கரைக்கறது? மானியத்துக்கு கையெழுத்து போடறது ஆம்பளைங்க, முழங்கை வரைக்கும் கை விட்டு வைக்கோல் துண்டு பொறுக்கி எடுக்கறது நாங்க. அந்த வைக்கோல எடுக்கலன்னா மேல ஆடை மாதிரி கட்டிக்கும், கேஸ் ஏறாது. மார்கழி குளிர்ல பாதிதான் வரும். 2017ல தண்ணி பஞ்சத்துல குடிக்கவே லாரித் தண்ணி, அப்ப நாலு மாசம் குழிய நிறுத்தி வச்சோம்.

இவ்ளோ கஷ்டத்துல ஏன் விடலன்னு கேக்கலாம். ஒண்ணு, பாத்திரம் கரி புடிக்காது. ரெண்டு, வெளிய வர்ற கழிவு. உங்க அப்பா கத்திரிக்காய் போடறாருன்னீங்களே, அந்த கழிவ ஊத்துன பாத்தியும் ஊத்தாத பாத்தியும் பக்கத்துல பக்கத்துல வச்சு பாக்க சொல்லுங்க. 2023ல வேலூர் முள்ளு கத்திரிக்காய்க்கு புவிசார் குறியீடு குடுத்தாங்க, காய்க்கு வெல ஏறுனா கழிவுக்கும் மதிப்பு ஏறும். கேஸுக்காக குழிய வச்சிருந்தா எப்பவோ மூடியிருப்பேன், எருவுக்காக வச்சிருக்கேன்.

சிலிண்டரும் இருக்கு எங்க வீட்டுல, மறைக்கல. முன்ன மாசத்துக்கு ஒண்ணு, இப்ப மூணு மாசத்துக்கு ஒண்ணு. விருந்தாளி வந்தா சிலிண்டர்தான். விறகடுப்பும் கொல்லைல இருக்கு, நெல்லு அவிக்கவும் வெந்நீருக்கும். எதுவும் முழுசா போறதும் இல்ல, எதுவும் முழுசா வர்றதும் இல்ல.

சோலார பத்தி எனக்கு தெரியாது. ஆனா எங்க அண்ணன் கைத்தறி போட்ருக்காரு, அவருக்கு ரெண்டு மாசத்துக்கு 300 யூனிட்டு ஃப்ரீ, விசைத்தறிக்காரங்களுக்கு 1000 யூனிட்டு. அவங்கள போய் சோலார் போடுங்கன்னா சிரிப்பாங்க.

பாகாயம்_மாணவன்

இத பத்திதான் நான் பிராஜெக்ட் பண்றேன், அதனால கொஞ்சம் நீளமா போகும், மன்னிச்சிடுங்க.

2018ல சயின்ஸ் பத்திரிகைல டேமன் சென்டோலாங்கற ஆராய்ச்சியாளரோட குழு ஒரு ஆய்வு போட்டாங்க. ஒரு கும்பல்ல 25 சதவீதம் பேரு விடாப்பிடியா புது பழக்கத்துல நின்னா மொத்த கும்பலும் அவங்க பக்கம் சாஞ்சிடுதுன்னு வந்திச்சு. எல்லா மேடைலயும் இப்ப இந்த 25தான் ஓடுது. ஆனா அது ஆன்லைன்ல சின்ன குழுக்கள உக்கார வச்சு ஒரு படத்துக்கு என்ன பேரு வெக்கலாம்னு விளையாட விட்ட சோதனை. பேர மாத்தறதுக்கு காசு செலவில்ல. ஒரு லட்ச ரூபா லோன் போட்டு கூரைல இரும்பு அடிக்கறதுக்கும் அதுக்கும் ரொம்ப தூரம். அணைக்கட்டு அண்ணன் ஊரு கணக்கயே பாருங்க, நாப்பதுல ஒம்போதுன்னா 22 சதவீதம், கரைய தொட்டுட்டு திரும்பிடுச்சு.

பக்கத்து வீட்ட பாத்து போடறதுங்கறது மட்டும் உண்மை. கலிபோர்னியால ஆய்வு பண்ணி பாத்தாங்க, ஒரு ஏரியால பேனல் ஏற ஏற அங்கயே அடுத்தது ஏறுற வாய்ப்பு கூடுது. மிலிட்டரிக்காரரோட மச்சான் போட்டாருன்னீங்களே, அதேதான்.

ஆனா பங்களாதேஷ் கதைய கேட்டா பயமா இருக்கும். 2003ல வீட்டு சோலார் திட்டம் ஆரம்பிச்சாங்க. சின்ன பேனல், ஒரு பேட்டரி, நாலு லைட்டு, தவணைல கட்டலாம். கிராமத்துல 41 லட்சம் வீட்டுக்கு மேல போட்டாங்க, கிட்டத்தட்ட ரெண்டு கோடி ஜனம். உலகத்துலயே இதுதான் பெருசுன்னு எல்லாரும் பேசுனாங்க. அப்பறம் என்ன ஆச்சு? அரசாங்கமே ஒரு பக்கம் இலவசமா பேனல் குடுக்க ஆரம்பிச்சுது, இன்னொரு பக்கம் கரண்ட் லைன் எதிர்பாத்தத விட வேகமா கிராமத்துக்கு வந்துடுச்சு. விக்கறது சட்டுனு படுத்துடுச்சு, தவணை கட்றதும் நின்னுது. சாஞ்ச மரம் நிமிந்துடுச்சு.

நம்ம கண்ணு முன்னாடியே சாஞ்சு முடிஞ்சது ஒண்ணு இருக்கு, யாரும் கவனிக்கல: எல்இடி பல்பு. மத்திய அரசு மொத்தமா கொள்முதல் பண்ணப்ப 2014ல ஒரு பல்பு 310 ரூபா, 2016ல 38 ரூபா. இப்ப எந்த கிராமத்து மளிகைக் கடைலயும் போய் குண்டு பல்பு கேட்டு பாருங்க, பெரும்பாலும் இருக்காது. யாரும் சுற்றுச்சூழலுக்காக மாறல. கடைக்காரரு பழச வாங்கி வெக்கறத நிறுத்துனாரு, அவ்ளோதான். என்னை கேட்டா டிப்பிங் பாயிண்டுங்கறது அந்த நாளுதான், திரும்பிப் போக நெனச்சாலும் பழைய பொருளு கிடைக்காத நாளு. சோலாருக்கு அப்பிடி ஒரு நாள் வருமான்னா, 100 யூனிட்டு ஃப்ரீயா இருக்கற வரைக்கும் வராதுன்னு நெனக்கறேன். அத எடுக்கணும்னு சொல்லல, எங்க வீட்டுக்கும் அதான் சோறு.

ஒடுகத்தூர் வாத்தியார்

தம்பிங்களா, எனக்கு எழுவத்தி மூணு வயசு. சாயறத நான் ஒரு தபா நேர்ல பாத்திருக்கேன், சொல்றேன்.

நான் பையனா இருந்தப்ப எங்க ஊருல எல்லா கெணத்துலயும் மாடு கட்டி எறைக்கற கவலைதான். ரெண்டு மாடு, தண்ணி மொள்ற சாலு, வடக்கயிறு, பள்ளத்துல மாடு எறங்க எறங்க மேல தண்ணி கொட்டும். விடிகால நாலு மணிக்கு எங்க பெரியப்பா பாடிகினே ஓட்டுவாரு, அந்த சத்தத்துலதான் நாங்க எந்திரிப்போம். 60கள்ல ஊருக்கு லைன் வந்திச்சு. மொத ரெண்டு மோட்டார் ரெட்டியார் வீட்டுலயும் மணியக்காரர் வீட்டுலயும். பெரியப்பா சிரிச்சாரு, "மோட்டார் சாணி போடுமா"ன்னாரு. நாலஞ்சு வருஷம் அப்பிடியே ஓடிச்சு, மோட்டார் பத்து, கவலை முப்பது.

அப்பறம் ஒரு கோடைல பெரியப்பா கெணத்துல சாலு தண்ணிய தொடல. பக்கத்து மோட்டாருங்க ராத்திரி பூரா இழுத்து மட்டம் எறங்கிடுச்சு. கவலை முப்பதடிக்கு மேல ஆகாது, மாடு பள்ளத்துல எவ்ளோ தூரம்தான் நடக்கும்? வெடி வச்சு ஆழப்படுத்துனாரு, மோட்டாரும் வாங்குனாரு, வாங்கித்தான் ஆகணும். ரெண்டு மூணு வருஷத்துல ஊருல ஒரு கவலை கிடையாது. யாரும் யாரையும் பாத்து மனசு மாறல தம்பி. பக்கத்து வீட்டுக்காரன் மாறுனதுல நம்ம வழி அடைஞ்சு போச்சு, அதனால மாறுனோம். 1973-74ல கேம்பிரிட்ஜ்லருந்தும் மெட்ராஸ்லருந்தும் ஆளுங்க வந்து வடாற்காட்டு ஊருங்கள்ல நெல்லு, கெணறுன்னு கணக்கெடுத்தாங்க. அவங்க வந்தப்ப கெணத்துல மோட்டார் சத்தம்தான்.

அத்தோட நிக்கல. கவலை போச்சா, கவலை மாடு போச்சு. அப்பறம் டிராக்டர் வந்திச்சு, உழவு மாடும் போச்சு. பொய்கை சந்தைக்கு செவ்வாய்க்கிழமை ஓட்டிகினு போன ஜோடி மாடுங்கள்ல திரும்பி வந்தது எத்தன? மாடு போனா சாணி ஏது? அணைக்கட்டு தம்பி, உங்க தாத்தா ஊரு சாணி கேஸ் டிரம்மு துருப்புடிச்சதால மட்டும் சாகல. அது தின்ன வேண்டியத மோட்டாரும் டிராக்டரும் முப்பது வருஷம் முன்னாடியே தின்னுட்டு போயிடுச்சு. குடியாத்தம் அம்மா வீட்டுல மாடு நிக்குது, அதான் அடுப்பு எரியுது.

சோலார் மோட்டாருக்கு வேளாண் பொறியியல் துறைல 60 சதவீதம் மானியம் குடுக்கறாங்க, நல்ல விஷயம்னு எல்லாரும் சொல்றாங்க. நான் கொஞ்சம் பயப்படறேன். வெயிலு இருக்கற வரைக்கும் காசில்லாம எறைக்கலாம்னா எவன் நிறுத்துவான்? பாலாறு நான் பாக்க மணலாச்சு. நம்ம கெணத்துக்கு மறுபடியும் சாலு எட்டாத கோடை வரும், அப்ப எட்டாதது மோட்டாரா இருக்கும். ஏற்கெனவே விவசாயத்துக்கு கரண்ட் இலவசம், 2021லருந்து ஒரு லட்சம், அதுக்கு மேல இன்னொரு அம்பதாயிரம்னு புது இணைப்பும் குடுத்தாங்க. இனாமா கிடைக்கறத மறுபடியும் இனாமா வாங்க ஏன் கடன் படணும்னு எங்க ஊருல கேக்கறான், எனக்கு பதில் தெரியல.

மலையடிவாரம்

வாத்தியார் ஐயா சொன்னதோட இன்னொண்ணும் சேத்துக்கணும். ஜவ்வாது மலைல எங்க பாட்டி ஊருக்கு லைன் வர்றதுக்கு முன்னாடி சோலார் லைட்டு குடுத்தாங்க. பெரியவங்க கும்புட்டாங்க, அப்பிடி ஒரு சந்தோஷம். மூணாவது வருஷம் பேட்டரி படுத்துது. அத பாக்க ஆளு வேலூர்லருந்து வரணும், வரல. பாட்டி செத்த பேட்டரிய வாசல்ல போட்டு அதுமேல உக்காந்து முறுக்கு சுத்துவாங்க. டிஸ்டில்ட் வாட்டர் ஊத்தணும்னு யாராச்சும் சொல்லியிருந்தா இன்னும் ரெண்டு வருஷம் ஓடியிருக்கும். சொல்லிக் குடுக்க ஒரு ஆளு இல்ல, அவ்ளோதான் அந்த திட்டத்தோட கதை.

காட்பாடி_சோலார்

மலையடிவாரம் சொன்னது என் நெஞ்சுல அடிச்ச மாதிரி கீது, ஏன்னா எங்க பொழப்புலயே அதான் ஓட்டை. மாட்டறதுக்கு ஆயிரம் பேரு, ரிப்பேருக்கு ஒருத்தன் இல்ல. பேனலுக்கு 25 வருஷம் வாரண்டிங்கறாங்க, இன்வர்ட்டருக்கு அஞ்சு, மிஞ்சிப் போனா பத்து. அது போற அன்னிக்கு மாட்டுன கம்பெனி இருக்குமா? கர்நாடகாவுல செல்கோன்னு ஒரு சோலார் கம்பெனி கீது, 1995ல ஹரிஷ் ஹண்டே ஆரம்பிச்சது, அவருக்கு 2011ல மகசேசே விருதுகூட குடுத்தாங்க. அவங்க பேனல விக்கறதுக்கு முன்னாடி ரெண்டு வேல பண்ணாங்க: கிராமத்து பேங்குல தவணை பேசுனாங்க, பக்கத்து டவுன்லயே சர்வீஸ் பையன வச்சாங்க. நானும் இப்ப அணைக்கட்டுல ஒரு ஐடிஐ பையன புடிச்சு கத்துக் குடுத்துகினு கீறேன். மிக்ஸி ரிப்பேர் பண்றவன் தெருவுக்கு ஒருத்தன் கீறான்ல, அந்த மாதிரி இவனும் ஆகட்டும், அப்ப பாப்போம் உங்க 62 வீட்ட.

அணைக்கட்டு அண்ணா, முன்னாடி போடாதீங்கன்னேன், இப்ப ஒரு கேள்வி. வீட்டுல எலக்ட்ரிக் ஸ்கூட்டர் வாங்கற பிளான் கீதா? ஒரு தபா ஃபுல் சார்ஜுக்கு ரெண்டு மூணு யூனிட்டு. கரண்ட் அடுப்பு? ஏசி? அது வந்தா கணக்கு தலைகீழா மாறும். இப்ப போட்ற வீட்டுக்காரங்க பாதி பேரு இன்னிக்கு பில்லுக்கு போடல, அடுத்த வருஷம் வாங்கப்போற ஏசிக்கு போட்றாங்க. எனக்கு யாவாரம் நல்லாத்தான் கீது, ஆனா வீட்டுக்கு சோலார் வந்தா செலவழிக்கற கரண்டும் ஏறுது, அதயும் சொல்லணும்ல.

கோயமுத்தூர் மாப்ள

நடுவுல பூந்ததுக்கு மன்னிக்கணுங்க, வேலூர்ல பொண்ணு எடுத்தவன். எங்க பக்கம் மேட்டுப்பாளையத்துக்கிட்ட ஓடந்துறை பஞ்சாயத்துல 2006ல 350 கிலோவாட் காத்தாலை சொந்தமா வாங்குனாங்க, சுமார் ஒன்றரைக் கோடி, பாதிக்கு மேல கடன், கரண்ட வித்தே கட்டுனாங்க. ஒவ்வொரு வீடா சாயணும்னு ஏன் பாக்கறீங்க, பஞ்சாயத்தே சாஞ்சா ஆகாதுங்களா?

பாகாயம்_மாணவன்

@கோயமுத்தூர் மாப்ள ஆகும்ணா, ஆனா அது மாதிரி நூறு பஞ்சாயத்து ஆச்சான்னு பாருங்க. ஊரு ஊரா பஸ்ல கூட்டினு போய் காட்டுனாங்க, போட்டோ எடுத்துட்டு வந்தாங்க. அங்க இருந்தது ஒரு நல்ல தலைவரு. பாலக்காட்டு கணவாக் காத்தும் நம்ம பக்கம் வராது 😅

அணைக்கட்டுக்காரன்

எல்லாருக்கும் நன்றி. வாத்தியார் ஐயா பதில அப்பாவுக்கு படிச்சு காட்டுனேன். "கவலைல நானும் ஒரு வருஷம் ஓட்டியிருக்கேன்"னாரு, இத்தன வருஷத்துல எங்கிட்ட சொன்னதே இல்ல.

காட்பாடி அண்ணா, பெட்டுல நீங்க ஜெயிச்சீங்க. அஞ்சுல நாலு வீட்டுல ஏசி. மீதி ஒண்ணு மிலிட்டரிக்காரரு, அவரு வீட்டுல மாவு மில்லு மாதிரி ஒரு கிரைண்டர் வச்சு ஊருக்கே இட்லி மாவு விக்கறாங்க. அவரு வீட்டம்மாகிட்ட பேசினேன், "பேனல் போட்டப்பறம்தான்டா மாவு யாவாரமே ஆரம்பிச்சேன், பகல்ல அரைச்சா கரண்ட் சொந்தம்"னாங்க. இத நான் எதிர்பாக்கல.

நாங்க இப்போதைக்கு போடல. தங்கச்சிக்கு வேலைக்கு போக எலக்ட்ரிக் வண்டி எடுக்கறதா பேச்சு இருக்கு, எடுத்தா போடலாம்னு அப்பா சொல்லிட்டாரு. அதுக்குள்ள ஒரு வேல: மானியத்துக்கு கேட்டு பாத்தப்பதான் தெரிஞ்சுது, எங்க வீட்டு கனெக்ஷன் இன்னும் தாத்தா பேருலயே இருக்கு. அவரு போயி 15 வருஷம் ஆச்சு. இறப்பு சான்று, வாரிசு சான்று எல்லாம் தேடி எடுத்து பேர் மாத்தம் பண்ணணும். உங்கள்ல யாராச்சும் போட நெனச்சா மொதல்ல ஈபி கார்ட எடுத்து யாரு பேருன்னு பாருங்க.

சரசு அக்கா, உங்க கொத்தனார் அணைக்கட்டு வரைக்கும் வருவாரா? பரங்கிக் கொடிய ஒதுக்கி பழைய குழிய அளந்து பாத்தேன், சுவரு நல்லாத்தான் இருக்கு. மூணு மாட்டுக்கு ஒரு கன மீட்டர் போதும்னு நெனக்கறேன். சாணி நானும் அப்பாவும் கரைக்கறோம்னு அம்மாகிட்ட சத்தியம் பண்ணியிருக்கேன், ஞாயித்துக்கிழமை மட்டும்தானடா நீ வருவேன்னு கேட்டாங்க.

அம்மா இன்னொண்ணும் கேக்க சொன்னாங்க காட்பாடி அண்ணா. பேனல எட்டடி ஒயரத்துல தூக்கிட்டா சரி, கீழ நெழல் விழுமே, நெழல்ல மல்லாட்டை எப்பிடி காயும்?

காட்பாடி_சோலார்

அம்மாகிட்ட சொல்லுங்கண்ணா, பேனல் தெக்க பாத்து சாஞ்சிருக்கும், நெழல் வருஷத்துல பெரும்பாலான நாள் வடக்கால விழும். தெக்கு ஓரத்துல அஞ்சடி சும்மா வுட்டு அடிச்சு தர்றேன். கட்டப்போற அன்னிக்கு அவங்கள மேல ஏறி வந்து சுண்ணாம்புல கோடு கிழிக்க சொல்லுங்க, அந்த கோட்ட தாண்டி ஒரு காலு ஊனமாட்டேன்.